முதல் அறையின் பூட்டும் எதிர்க்கரைக் கோட்டையும்: பழைய ஜப்பானிய ஆர்பிஜிகளை உயர்த்துவது எது?

#1 அரைத்தங்கம்

போன வாரம் காய்ச்சலில் நான்கு நாள் படுத்துக் கிடந்தேன். படிக்கத் தலை ஒத்துழைக்கவில்லை. 1986இல் வந்த முதல் 'டிராகன் குவெஸ்ட்' என்ற ஆர்பிஜியை, அதாவது ஒரு பாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டை, ஃபாமிகாம் (நின்டெண்டோவின் பழைய வீட்டு விளையாட்டுக் கருவி) வடிவத்திலேயே, ஜப்பானிய மொழியிலேயே எடுத்து வைத்துக்கொண்டேன். ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்து வகையை எழுத்துக் கூட்டிப் படிக்குமளவுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் வேகம்தான். காய்ச்சல்காரனுக்கு அது போதும்.

தொடங்கியதும் நாம் நிற்பது அரசன் முன்னால். மூன்று பெட்டிகள், ஒரு கதவு. கதவு பூட்டியிருக்கிறது. பேச ஒரு கட்டளை, எடுக்க ஒரு கட்டளை, கதவைத் திறக்க ஒரு கட்டளை, படியில் ஏறி இறங்கக்கூடத் தனியாக ஒரு கட்டளை. பெட்டிகளில் ஒன்றில் சாவி இருக்கிறது. அதை எடுத்து, கதவருகே போய், திறக்கும் கட்டளையைக் கொடுத்து, படியில் நின்று, படிக் கட்டளையைக் கொடுத்தால்தான் வெளியேறலாம். அதற்குள் இந்த விளையாட்டை ஆடத் தேவையானவற்றில் பெரும்பகுதியைக் கற்றுக்கொண்டுவிடுகிறோம். 'பயிற்சி' என்று எங்கும் எழுதவில்லை. கணினியில் ஆர்பிஜி ஆடியே இராத சிறுவர்களுக்காக இதை உருவாக்கிய யூஜி ஹோரீ அமைத்த அறை அது.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த நிமிடம். கோட்டையை விட்டு வெளியே வந்து சற்று நடந்தால், நீருக்கு அப்பால் இன்னொரு கோட்டை தெரிகிறது. இறுதிப் பகைவன் இருப்பது அங்கேதான். கூப்பிட்டால் கேட்கும் தொலைவு. போய்ச் சேர உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்.

கதை, இசை, ஓவியம் எல்லாம் பிறகு. கண்ணெதிரே தெரிகிற ஒன்றுக்கு ஊரெல்லாம் சுற்ற வைத்து, அந்தச் சுற்றலை வீண் என்று நினைக்கவிடாமல் செய்வதுதான் இந்த வகையின் வித்தை என்பேன். மறுப்பவர்கள் வரலாம். காய்ச்சல் விட்டுவிட்டது, தெம்பாக இருக்கிறேன்.

#2 பனிக்கரடி

மறுக்கத்தான் வந்தேன்.

நீங்கள் சொல்கிற அந்தச் சுற்றல் என்ன தெரியுமா? நாயகன் வலுவாகி முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு ஏற, சண்டைகளில் சேர்க்கும் 7 அனுபவப் புள்ளிகள் வேண்டும். சிலைம் என்ற மிக எளிய எதிரி ஒன்றைக் கொன்றால் கிடைப்பது 1. ஆக ஏழு சிலைம்கள். சரி, அதோடு நின்றால் பரவாயில்லை. பின்பகுதியில் ஒவ்வொரு நிலைக்கும் ஆயிரக்கணக்கில் கேட்கும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரே பாலத்தருகே முன்னும் பின்னும் நடந்திருக்கிறேன். செக்குமாட்டுக்காவது இடையில் ஒரு வாய் தவிடு கிடைக்கும்.

சிறுவயதில் நேரம் நிறைய இருந்தது, அதனால் பிடித்தது. இன்று அதைத் தத்துவமாக்கிக்கொண்டிருக்கிறோம். அவ்வளவுதான்.

#3 ஒசாகா_மழை

பனிக்கரடி, அந்தச் செக்குக்கும் ஒரு காரணம் உண்டு. விளையாட்டு அடங்கிய அந்தப் பேழையின் (கேட்ரிட்ஜ்) கொள்ளளவு 64 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படத்துக்குள் அப்படிப் பல பேழைகளைப் போட்டுவிடலாம். வரைபடம், அசுரர்கள், இசை, உரையாடல் எல்லாம் அதற்குள். நீளம் வேண்டுமென்றால் நடையைத்தான் நீட்ட முடியும்.

ஆனால் அந்த நெருக்கடி செய்த நன்மையையும் பாருங்கள். எழுத்துகளும் இடத்தை அடைக்குமே! அதனால் ஜப்பானியரின் இன்னொரு எழுத்து வகையான கதகானாவில் ஏறக்குறைய 20 எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 'ஹெ', 'ரி' இரண்டும் ஹிரகானாவிலும் கதகானாவிலும் ஒரே சாயல் என்பதால் ஒரு படத்தையே இரண்டுக்கும் போட்டார்கள். சிலைம், டிராக்கி, கோலெம் என்ற எதிரிகளின் பெயர்கள் எல்லாம் அந்தச் சில எழுத்துகளுக்குள் அடங்குபவைதான். நம் 247இல் 20ஐ மட்டும் கையில் கொடுத்து, ஓர் உலகத்துக்கே பெயர் வை என்று சொன்னால் எப்படியிருக்கும்? ஒருநாள் ரயிலில் உட்கார்ந்து முயன்று பார்த்தேன். மெய்யெழுத்துகளிலேயே பாதி தீர்ந்துவிட்டது.

உரையாடல் சுருக்கமாக இருப்பதும் இதனால்தான். ஊர்க்காரன் ஒருவன் ஒரு வரி பேசுவான். அந்த ஒரு வரியில் ஒரு துப்பு இருக்கும், அல்லது ஒரு சிரிப்பு இருக்கும். இரண்டும் இல்லாத ஆளுக்குப் பேழையில் இடமில்லை. ஹோரீ 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் எழுதிய ஆள், பத்திகளுக்குள் அடக்கிப் பழகிய கை. இன்று கொள்ளளவு கேட்பாரற்றுக் கிடக்கிறது, ஊர்க்காரனும் நான்கு பக்கம் பேசுகிறான்.

இன்னொன்று. முதல் பாகத்தில் நாயகன் எப்போதும் நம்மைப் பார்த்தே நிற்பான். பக்கவாட்டில் நண்டு போல நகர்வான். முதுகைக் காட்டும் படங்களுக்கு இடமில்லை. அதனால் ஒருவரோடு பேச வேண்டுமென்றால் வடக்கா தெற்கா கிழக்கா மேற்கா என்று திசை சொல்ல வேண்டும். அமெரிக்காவுக்கு 1989இல் போன வடிவத்தில்தான் நாயகனுக்குத் திரும்பத் தெரிந்தது.

#4 நெய்தல்

அரைத்தங்கம் தம்பி, நடை சரி. ஆனால் நடப்பதை யாராவது கவனித்தால்தானே நடைக்கு மதிப்பு? என் கணக்கில் ஒரு விளையாட்டு பெரியதாவது, நான் செய்ததை அது நினைவில் வைத்திருக்கும்போது.

'க்ரோனோ டிரிகர்', 1995, சூப்பர் ஃபாமிகாம் (ஃபாமிகாமுக்கு அடுத்து வந்த கருவி). தொடக்கத்தில் ஒரு திருவிழா நடக்கிறது. கூட்டத்தில் ஒரு பெண் நம்மீது மோதிக் கீழே விழுகிறாள். அவள் கழுத்துப் பதக்கம் தெறித்து ஓரமாகக் கிடக்கிறது. திருவிழாவில் மேசை ஒன்றின்மேல் யாரோ கட்டி வைத்த மதியச் சாப்பாடு இருக்கிறது. ஒரு சிறுமி தன் பூனையைக் காணவில்லை என்று நிற்கிறாள். ஆர்பிஜி ஆடிப் பழகியவன் என்ன செய்வான்? கண்ணில் பட்டதையெல்லாம் எடுப்பான். எல்லா விளையாட்டும் அப்படித்தானே பழக்கி வைத்திருக்கிறது! நானும் சாப்பாட்டைத் தின்றேன். உயிர்ப்புள்ளி (இன்னும் எவ்வளவு அடி தாங்கலாம் என்று காட்டும் எண்) ஏறியது. பெண்ணை விட்டுவிட்டு முதலில் பதக்கத்தை எடுத்தேன். பூனையைப் பார்த்தேன், தாண்டிப் போய்விட்டேன்.

பிறகு காலப் பயணம், இளவரசி மீட்பு என்று என்னென்னவோ நடக்கிறது. திரும்பி வந்தால் இளவரசியைக் கடத்தியதாக என்னைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். சாட்சிக்கூண்டில் ஒரு கிழவர் ஏறுகிறார். என் சாப்பாட்டைத் தின்றது இவன்தான் என்கிறார்.

அந்த நொடியில் என் காது சூடானது. விளையாட்டுக்குள் நிற்கும் பையன் வெட்கப்படவில்லை, அவனுக்கு முகபாவமே கிடையாது. வெட்கப்பட்டது நான். அதற்கு முன் எந்தப் பேழையும் என்னை அப்படிக் கூண்டில் ஏற்றியதில்லை.

இத்தனைக்கும் தீர்ப்பு எப்படி வந்தாலும் சிறைக்குப் போவது உறுதி. கதை பெரிதாக மாறாது. அதைத் தெரிந்துகொண்ட பிறகும் அந்தக் கிழவரை மறக்க முடியவில்லை.

#5 மூன்றாம்_ஜாமம்

எல்லாரும் இசையை மறந்துவிட்டீர்கள். ஒலியை நிறுத்திவிட்டு இவற்றில் ஏதாவதொன்றை ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். பிறகு வந்து தத்துவம் பேசலாம்.

டிராகன் குவெஸ்டுக்கு இசை அமைத்த கோயிச்சி சுகியாமா 1931இல் பிறந்தவர். முதல் பாகம் வரும்போது வயது ஐம்பத்தைந்து. தொலைக்காட்சி, விளம்பர இசையில் முன்பே பெயர் எடுத்துவிட்டார். டிராகன் குவெஸ்டை வெளியிட்ட எனிக்ஸ் நிறுவனத்தின் ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) விளையாட்டு ஒன்றை வாங்கி ஆடியவர், பெட்டியோடு வந்த கருத்து அட்டையை நிரப்பி அனுப்பினார். அட்டையிலிருந்த பெயரைப் பார்த்து அவர்கள் தேடி வந்தார்கள். ஃபாமிகாமில் சுரத்துக்கு உதவுவது மூன்று குரல்கள். அதற்குள் ஓர் அரண்மனையை எழுப்ப வேண்டும். 1987இலேயே இந்த இசை மேடைக் கச்சேரியாக அரங்கேறிவிட்டது.

க்ரோனோ டிரிகரில் வேறு கதை. யசுனோரி மிட்சுடா அதை வெளியிட்ட ஸ்கொயர் நிறுவனத்தில் ஒலி விளைவுகள் செய்துகொண்டிருந்தவர். பாட்டு எழுத விடாவிட்டால் வேலையை விடுவேன் என்று மேலதிகாரி ஹிரோனோபு சகாகுச்சியிடம் போய் நின்றார். கொடுத்தார்கள். உடம்பைக் கெடுத்துக்கொண்டு எழுதினார், வயிற்றுப் புண் வந்து மருத்துவமனையில் சேரும்வரை. மீதியைச் சக இசையமைப்பாளர் நொபுவோ உவெமாட்சு முடித்துக் கொடுத்தார். கி.மு. 12000இல் மிதக்கும் ஸீல் நாட்டுக்கு முதன்முதலாக ஏறிப் போகும்போது ஒலிக்கும் மெட்டைக் கேட்டவர்களிடம் நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. சூப்பர் ஃபாமிகாமின் ஒலிச் சில்லுக்கு மொத்தமே 64 கிலோபைட் நினைவகம்தான், எட்டுத் தடங்கள்.

#6 மட்டுறுத்துநர்

இழையில் கதை முடிச்சுகள் அவிழத் தொடங்கிவிட்டன. முப்பது ஆண்டுப் பழைய விளையாட்டுகள்தான், ஆனாலும் இனிமேல் ஆடப் போகிறவர்கள் இருக்கலாம். முடிச்சை அவிழ்ப்பதற்கு முன் ஒரு வரி எச்சரிக்கை கொடுத்துவிடுங்கள்.

#7 பனிக்கரடி

எச்சரிக்கை: 'ஃபைனல் ஃபேன்டசி 7'. இதைக்கூட அறியாதவர் யாராவது இருந்தால் அடுத்த பதிவுக்குத் தாண்டிவிடவும்.

நெய்தல் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு இரவில் புரண்டுகொண்டிருந்தேன். என் செக்குமாட்டு வாதத்துக்கு எதிராக நானே ஒரு சாட்சியைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

1997. மூன்று குறுந்தட்டுகள். முதல் தட்டின் முடிவில், நம் அணியில் ஒருத்தியான ஏரித் இறக்கிறாள். படமாகப் பார்த்தால் ஒரு நிமிடக் காட்சி. நான் அதை எங்கள் ஊர் இணைய மையத்துக் கணினி ஒன்றில், ஒரு மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ஆடினேன். அவளுடைய இறுதி லிமிட் திறனை (சண்டையில் பயன்படும் சிறப்புத் தாக்குதல்) திறப்பதற்காக எத்தனையோ இருபது ரூபாய்கள். அத்தனை நேரமும் திட்டிக்கொண்டேதான் அரைத்தேன், அதாவது ஒரே மாதிரிச் சண்டைகளைத் திரும்பத் திரும்பப் போட்டேன். அந்தக் காட்சி வந்தபோது முதலில் தோன்றியது துயரம் இல்லை, 'என் நேரம்!' என்பதுதான். அடுத்த சண்டையில் அணியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் அவள் இடம் காலியாக இருந்தது. அப்போதுதான் துயரம் வந்தது.

அரைக்காமல் வந்திருந்தால் அவள் எனக்கு வெறும் கதாபாத்திரம். ஆக, அரைத்தல் கெட்டது என்ற என் வாதத்தைப் பாதி திரும்பப் பெறுகிறேன். மீதிப் பாதி அந்தப் பாலத்தருகே இன்னும் நிற்கிறது.

பின்குறிப்பு: மூன்றாம் தட்டுக்கு வருவதற்குள் மையத்தின் உரிமையாளர் கணினியைத் துடைத்துச் சுத்தமாக்கிவிட்டார். சேமிப்பு போயிற்று. முடிவை நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் பார்த்தேன்.

#8 ஒசாகா_மழை

துடைத்துவிட்ட சேமிப்புக்கு இங்கே ஒரு தலைமுறையே துக்கம் அனுசரிக்கிறது, கவலைப்படாதீர்கள். 1988இல் வந்த டிராகன் குவெஸ்ட் 3இல்தான் பேழைக்குள் மின்கலம் வைத்துச் சேமிக்கும் வசதி அந்தத் தொடருக்கு வந்தது. மின்கலம் சோர்ந்தாலோ பேழையைத் தட்டினாலோ சேமிப்பு அழிந்துவிடும். அப்போது சாபம் ஒட்டிய ஆயுதத்தை அணிந்தால் வரும் அதே கொடூரமான மெட்டு ஒலித்து, மன்னிக்கவும், உங்கள் சாகச ஏடு மறைந்துவிட்டது என்று எழுத்து வரும். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட என் அலுவலக நண்பர் ஒருவரிடம் அந்த மெட்டை முணுமுணுத்தேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

அதற்கு முன்பு கடவுச்சொல்தான். முதல் பாகத்தில் 20 எழுத்துகள். இரண்டாம் பாகத்தில் 52 வரை போகும். தொலைக்காட்சித் திரையைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். 'நு'வும் 'மெ'யும் ஹிரகானாவில் அக்கா தங்கை போல இருக்கும். மாற்றி எழுதினால் தீர்ந்தது. தேர்வில் எழுத்துப்பிழைக்கு அரை மதிப்பெண் போகும். இங்கே உலகமே போகும்.

#9 புதுவரவு

வணக்கம். வயது பத்தொன்பது. இந்த விளையாட்டுகள் எதையும் ஆடியதில்லை. போன மாதம் ஒன்றைத் தொடங்கினேன், பெயர் வேண்டாம். மூன்றடி எடுத்து வைத்தால் ஒரு சண்டை, திரும்பினால் ஒரு சண்டை. வழியில் எதிரியே தெரிவதில்லை, திடீரென்று திரை மாறுகிறது. எங்கே போய்க்கொண்டிருந்தேன் என்பதே மறந்துவிடுகிறது. இதைப் பொறுத்துக்கொண்டால்தான் நீங்கள் சொல்வதெல்லாம் கிடைக்குமா? எதிலிருந்து தொடங்குவது?

#10 அரைத்தங்கம்

புதுவரவு, உங்கள் எரிச்சல் நியாயமானது. அதை வெளியே சொல்லத் தயங்காதீர்கள். க்ரோனோ டிரிகரில் தொடங்குங்கள். அதில் எதிரிகளில் பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரிவார்கள். நடந்துகொண்டிருக்கும் நிலத்திலேயே சண்டை நடக்கும், திரை வேறாக மாறாது. சிலரைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். கணினிப் பதிப்பு 2018இல் வந்தபோது எழுத்துருவும் படங்களும் கைப்பேசிக்குச் செய்தவை போல இருந்ததால் நிறையத் திட்டு வாங்கியது. பிறகு அந்த ஆண்டிலேயே திருத்திவிட்டார்கள். இப்போது தாராளமாக ஆடலாம். ஒரே நிபந்தனை: நான்காம் பதிவைப் படிக்காதீர்கள். படித்துவிட்டிருந்தால், மறந்துவிடுங்கள்.

மற்றவர்களுக்கு ஒன்று. தோல்வியைப் பற்றி யாரும் பேசவில்லை. என் பெயரே அதிலிருந்துதான் வந்தது.

ஜப்பானிய ஆர்பிஜிக்கு மூதாதையர் இரண்டு அமெரிக்க விளையாட்டுகள், 'விசார்ட்ரி'யும் 'அல்டிமா'வும். விசார்ட்ரியில் நிலவறைக்குள் உங்கள் ஆள் இறந்தால் உயிர்ப்பிக்க முயலலாம். முயற்சி தவறினால் சாம்பலாவான். அதுவும் தவறினால் ஒரேயடியாகப் போய்விட்டான், பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்க வேண்டியதுதான். ஹோரீக்கு விசார்ட்ரி மிகவும் பிடிக்கும். ஆனாலும் தன் விளையாட்டில் அதைச் செய்யவில்லை. டிராகன் குவெஸ்டில் இறந்தால் அரசன் முன்னால் எழுந்து நிற்போம். செத்துப் போனாயே, வெட்கமாக இல்லையா என்ற தொனியில் அவன் ஒரு வரி கடிந்துகொள்வான். கையிலிருந்த தங்கத்தில் பாதி போய்விடும். அனுபவப் புள்ளி ஒன்றுகூடக் குறையாது.

பணம் போகும், கற்றது போகாது. எவ்வளவு சாமர்த்தியமான ஏற்பாடு பாருங்கள். தோற்றாலும் முன்னைவிடச் சற்று வலுவாகத்தான் தோற்கிறோம். கைவேகம் இல்லாத பிள்ளையும், அம்மாவும், தாத்தாவும் என்றாவது ஒருநாள் அந்த எதிர்க்கரைக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பனிக்கரடி செக்கு என்று சொன்னதை நான் ஏணி என்கிறேன். திறமை இல்லாதவனுக்கும் நேரம் என்ற ஏணி.

#11 பனிக்கரடி

> பனிக்கரடி செக்கு என்று சொன்னதை நான் ஏணி என்கிறேன்.

ஏணிக்குப் படி இருக்க வேண்டும் அரைத்தங்கம். இலக்கே தெரியாமல் ஒரே இடத்தில் ஏறி இறங்க வைக்கும் விளையாட்டுகள் எத்தனை வந்தன! நீங்கள் பொறுக்கியெடுத்த இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு வகைக்கே மாலை போடுகிறீர்கள். தொண்ணூறுகளில் வந்தவற்றில் பாதிக்கு மேல் இன்று யாரும் பெயர் சொல்வதில்லை, அதற்குக் காரணம் உண்டு.

அரைத்தலுக்கு மாற்று இருந்தது என்பதற்கு 'மதர் 2' சாட்சி. 1994. எழுதியவர் ஷிகெசாட்டோ இட்டோய், விளம்பர வாசகங்களுக்குப் பெயர் பெற்றவர். அதில் நீங்கள் எதிரியைவிட மிக வலுவாகிவிட்டால் சண்டையே நடக்காது. தொட்டவுடன் வென்றதாகக் கணக்கு. எளிய எதிரிகள் உங்களைக் கண்டால் ஓடுகிறார்கள். உயிர்ப்புள்ளி ஆட்டோ மீட்டர் போல உருளும். உயிர் போகும் அடி விழுந்தாலும் எண்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருக்கும். பூஜ்யத்தைத் தொடுவதற்குள் மருந்து கொடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வான். கட்டளை தேர்ந்தெடுக்கும் சாதாரண வேலையில் கை நடுங்கும். ஒரே ஒரு எண் காட்டும் முறையை மாற்றி முழுச் சண்டையையும் மாற்றினார்கள்.

அது வெளிவந்ததே பெரும்பாடு. நிரல் சிக்கிக்கொண்டு கிடந்தபோது ஹெச்ஏஎல் ஆய்வகம் என்ற விளையாட்டு நிறுவனத்தின் சடோரு இவாட்டா வந்து பார்த்தார். இருப்பதையே சரிசெய்வதென்றால் இரண்டு ஆண்டு, முதலிலிருந்து எழுதினால் அரை ஆண்டு என்றார். முதலிலிருந்து எழுதினார்கள். பின்னாளில் நின்டெண்டோவின் தலைவரானவர் அவர்தான். எங்கள் அலுவலகத்தில் இதே வசனத்தை நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். இருப்பதையே சரிசெய்யச் சொன்னார்கள். மூன்று ஆண்டாகிறது.

#12 நெய்தல்

எச்சரிக்கை: டிராகன் குவெஸ்ட் 5, க்ரோனோ டிரிகர் பின்பகுதி. புதுவரவு, கண்ணை மூடிக்கொள்.

ஏணி, செக்கு என்று இரண்டு பேரும் மல்லுக்கட்டுகிறீர்கள். எண்களைக் கதை சொல்ல வைத்த ஓர் இடத்தைக் காட்டுகிறேன்.

டிராகன் குவெஸ்ட் 5, 1992. நீங்கள் ஆறு வயதுச் சிறுவன். அப்பா பாப்பாஸ் கூடவே வருகிறார். சண்டையில் அவருக்கு நீங்கள் கட்டளையிட முடியாது, அவரே பார்த்துக்கொள்கிறார். நீங்கள் ஒரு அடி கொடுப்பதற்குள் அவர் இரண்டு அடி கொடுக்கிறார். சண்டை முடிந்ததும் உங்களுக்குக் காயம் இருந்தால், கேட்காமலே, அவர் மந்திரம் சொல்லிக் குணமாக்குகிறார். வசனம் இல்லை. தனிக் காட்சி இல்லை. உயிர்ப்புள்ளி ஏறுகிறது, அவ்வளவுதான். கை பிடித்துத் தெருவைக் கடக்க வைக்கும் அப்பாவை இதைவிடச் சுருக்கமாக எழுதிய யாரையும் நான் படித்ததில்லை.

பிறகு, மகன் கழுத்தில் கத்தி இருப்பதால் திருப்பி அடிக்காமல், அடி வாங்கியே சாகிறார். நீங்கள் பத்து ஆண்டு அடிமை. தப்பி வெளியே வந்து முதல் சண்டை முடிகிறது. காயம் அப்படியே இருக்கிறது. யாரும் மந்திரம் சொல்லவில்லை.

சிறுவனாக இருந்தபோது ஊரில் ஓர் அந்நியரைச் சந்தித்திருப்பீர்கள். உங்கள் கையிலிருந்த பொன் உருண்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பார். பல ஆண்டு கழித்து அந்த அந்நியராக நீங்களே அந்த ஊருக்குப் போகிறீர்கள். இதற்கு மேல் சொல்லமாட்டேன்.

க்ரோனோ டிரிகரில், நம் அணியில் ஒருத்தியான லூக்காவின் அம்மா. பெயர் லாரா. கதை தொடங்கும்போதே நாற்காலியை விட்டு எழ முடியாதவர். பிற்பாடு ஓர் இரவு, எல்லாரும் தீ மூட்டித் தூங்கும்போது, லூக்கா மட்டும் எழுந்து பத்து ஆண்டு பின்னால் போகிறாள். எந்திரத்தில் அம்மாவின் பாவாடை சிக்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. நிறுத்தக் கடவுச்சொல் வேண்டும். பட்டியல் எதுவும் திரையில் விரியாது. கையிலிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியைப் பார்க்க வேண்டும். தோள்பட்டைப் பொத்தான்களில் ஒன்றின் பெயர் எல், மற்றது ஆர். வலப்பக்கப் பொத்தான்களில் ஒன்று ஏ. எல், ஏ, ஆர், ஏ. அம்மாவின் பெயர் இத்தனை மணி நேரமும் உங்கள் கையில்தான் இருந்தது.

முதல்முறை நான் தாமதித்துவிட்டேன். நிகழ்காலத்துக்குத் திரும்பினால் அம்மா அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சேமிப்பை மீண்டும் ஏற்றவில்லை. ஏன் என்று தெரியவில்லை. அப்படியே முடிவுவரை ஆடினேன்.

#13 மூன்றாம்_ஜாமம்

அக்கா, அந்தத் தீ மூட்டிய இரவுக்கு முன்னால் நம் அணியின் எந்திர மனிதன் ரோபோ நானூறு ஆண்டு தனியாக நின்று காடு வளர்த்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. அவனைப் பாலைவனத்தில் இறக்கிவிட்டு நாம் கால ஊர்தியில் ஏறி ஒரு நொடியில் கி.பி. 1000க்கு வந்துவிடுகிறோம். அங்கே காடு இருக்கிறது. காட்டு நடுவில் கோயில். கோயிலுக்குள், பழுதாகி, அவன். நமக்கு ஒரு நொடி, அவனுக்கு 400 ஆண்டு. நீர்ப்பரப்பைச் சுற்றி நடப்பதுதான் வித்தை என்று அரைத்தங்கம் சொன்னாரே, இங்கே நமக்குப் பதிலாக இன்னொருவன் நடந்திருக்கிறான்.

#14 ஒசாகா_மழை

எச்சரிக்கை: டிராகன் குவெஸ்ட் 3.

நிலம் பற்றிப் பேச்சு வந்ததால். மூன்றாம் பாகத்தில் ஓர் அசுரனை வென்று, கதை முடிந்தது என்று அரண்மனைக்கு வருகிறோம். முடியவில்லை. இன்னும் கீழே ஓர் இருண்ட உலகம் இருக்கிறது. குழிக்குள் குதித்து, படகில் போய்க் கரையேறினால் ஓர் ஊர், பக்கத்தில் ஒரு கோட்டை, நீருக்கு அப்பால் இன்னொரு கோட்டை. 1986இல் நடந்த அதே நிலம். முதல் பாகத்தின் மூதாதைக் கதையைத்தான் ஆடிக்கொண்டிருந்திருக்கிறோம். அதை எந்த வசனமும் முதலில் சொல்வதில்லை, கால்தான் கண்டுபிடிக்கிறது. இங்கே வலது பக்கம் ஊர் இருக்குமே என்று நடந்தால், இருக்கிறது.

பாலத்தருகே பனிக்கரடி செலவழித்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இது வட்டி.

#15 பனிக்கரடி

வட்டியை ஏற்றுக்கொள்கிறேன். அசலைத் தரமாட்டேன்.

#16 அரைத்தங்கம்

ஒரு திருத்தம். கண்ணெதிரே தெரிவதற்குச் சுற்ற வைப்பதுதான் வித்தை என்று தொடங்கினேன். நெய்தல் அக்காவின் அப்பாவையும் கிழவரையும் படித்த பிறகு அது அரைகுறையாகத் தெரிகிறது. சுற்றினால் மட்டும் போதாது. சுற்றியவன் யார், வழியில் என்ன தின்றான், யாரை விட்டுவிட்டு வந்தான் என்பதெல்லாம் நிலத்தில் எங்கேயோ பதிந்திருக்க வேண்டும். 1986இல் அதற்கு இடமில்லை, 64 கிலோபைட். 1995இல் நான்கு மெகாபைட். அந்த இடத்தில் பெரும்பகுதியைப் படத்துக்கும் இசைக்கும் கொடுத்துவிட்டு, ஒரு ஓரத்தில் 'சாப்பாட்டைத் தின்றானா' என்று ஒரே ஒரு குறியை வைத்தார்களே, அந்த மனிதர்களைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. க்ரோனோ டிரிகரிலும் ஹோரீயின் பெயர் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

#17 புதுவரவு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். க்ரோனோ டிரிகர் வாங்கினேன். நான்காம் பதிவை முன்பே படித்துவிட்டதால் நான் தப்பு செய்யவில்லை. பூனையைக் கொண்டுபோய் விட்டேன், பெண்ணை முதலில் தூக்கிவிட்டேன், சாப்பாட்டைத் தொடவில்லை. நல்ல பிள்ளை என்று தீர்ப்பு வந்தது. கொஞ்சம் சப்பென்று இருந்தது, உண்மையைச் சொன்னால்.

அதனால் என் தம்பியிடம் எதுவும் சொல்லாமல் புதிதாகத் தொடங்கிக் கொடுத்தேன். பதினோரு வயது. திருவிழாவுக்குள் நுழைந்த இரண்டாம் நிமிடம் சாப்பாட்டைத் தின்றான். நான் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். நீதிமன்றத்தில் கிழவர் வந்து நின்றதும் கருவியைக் கீழே வைத்துவிட்டான். என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை.

சிறையிலிருந்து தப்பிய பிறகு கேட்டான்: இதில் காலத்துக்குள் போய்வரலாம்தானே, திருவிழா நாளுக்குத் திரும்பிப் போய் அந்தச் சாப்பாட்டை வைத்துவிட முடியுமா?

முடியுமா?

#18 நெய்தல்

முடியாது. 65 மில்லியன் ஆண்டு பின்னால் போகலாம், அந்த மேசைக்குப் போக முடியாது. நானும் தேடியிருக்கிறேன்.